ரிலீவர் வரும்வரை

அந்த வருடங்களில் எனக்கு விலாசம் என்று ஒன்று இருந்தது என்றால், அது அக்கா குடியிருந்த லைன் வீடுதான். ரேஷன் கார்டில் என் பெயர் அங்கே இருந்தது. என் தகரப்பெட்டி அந்த வீட்டு அட்டாலியில், அதாவது பரணில், இருந்தது. அப்பா அம்மா போய்ச் சேர்ந்த பிறகு வேறு இடம் எதுவும் மிச்சமில்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன், எங்கே ஆள் வேண்டும் என்றார்களோ அங்கே போனேன். மதுக்கரையில் சிமெண்ட் மூட்டை ஏற்றினேன். காங்கேயத்தில் எண்ணெய் மில் களத்தில் தேங்காய்ப் பருப்பு காயப்போட்டேன். லாரியில் கிளீனராகப் போய் பெல்காம் வரை பார்த்தேன். எந்த வேலையிலும் நாலு மாதத்துக்கு மேல் இருந்ததில்லை. யாரும் விரட்ட வேண்டியதில்லை, கால் தானாகக் கிளம்பிவிடும். பஸ் ஸ்டாண்டில் படுப்பேன், ஒரு வேளைச் சாப்பாட்டில் ஓட்டுவேன். காய்ச்சல் வந்தாலோ கையில் ஒன்றும் இல்லாமல் போனாலோ அக்கா வீடு. அவள் ஒன்றும் கேட்காமல் ஒரு தட்டு கூடுதலாகப் போடுவாள். இரண்டு வாரம் தின்று தேறி மறுபடி கிளம்புவேன்.

ஊர் அன்னூரிலிருந்து அவினாசி போகிற வழியில் இருக்கிறது. பஸ் நிற்கிற இடத்துக்கு மில் ஸ்டாப் என்று பெயர். இறங்கி உள்ளே நடந்தால் மில்லின் நீளமான சுவர், சுவரை ஒட்டி லைன் வீடுகள். ஒரே ஓட்டுக்கூரையின் கீழ் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு குடித்தனம். அது ஒரு லைன். அப்படி ஏழெட்டு லைன். மில் வருவதற்கு முன் அங்கே வெறும் சோளக்காடு என்பார்கள். ஊரை உண்டாக்கியதே மில்தான். தண்ணீர் மில் கொடுத்தது, தெருவிளக்கு மில் போட்டது, மாரியம்மன் கோயிலுக்குச் சுற்றுச்சுவரும் மில் செலவு. நேரத்தையும் மில்தான் கொடுத்தது. சங்கு ஊதினால் எழுந்தார்கள், சங்கு ஊதினால் உலை வைத்தார்கள். பிள்ளை எப்போது பிறந்தது என்று கேட்டால் "ரெண்டாஞ் சங்குக்கு முன்னால" என்றுதான் பதில் வரும். கடிகாரம் இருந்த வீட்டில்கூட அப்படித்தான்.

மச்சான் அந்த மில்லில் ஸ்பின்னிங்கில் நிரந்தரத் தொழிலாளி. மீசை முளைக்கிற வயதில் நானும் அங்கே வேலை பார்த்தேன், ஆனால் பதிலியாக. நிரந்தர ஆள் யாராவது லீவு போட்டால் அன்றைக்கு அவர் இடத்தில் நிற்கிறவன் பதிலி. சங்குக்கு முன்னால் கேட்டில் போய்க் கூட்டமாக நிற்க வேண்டும். மேஸ்திரி வந்து விரலை நீட்டி நீ, நீ, நீ என்று எடுப்பார். மிச்சம் உள்ளவர்களைப் பார்த்து, "இன்னைக்குப் பதிலி எடுக்கல, போங்கப்பா" என்று ஒரே குரலில் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவார். நான் எடுக்கப்பட்ட நாளைவிட அந்த வாக்கியத்தைக் கேட்ட நாள் அதிகம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மில்லில் ஒருவர் தன் மெஷினை விட்டு நினைத்தபோது நகர முடியாது. அடுத்த ஷிப்ட்டு ஆள் வந்து அந்த இடத்தில் நின்ற பிறகுதான் போகலாம். அப்படி வந்து மாற்றிவிடுகிறவருக்கு ரிலீவர் என்று பேர். ரிலீவர் வரவில்லை என்றால் நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான். அக்காவுக்குப் பெண் பிறந்த அன்று சேதி வந்தும் மச்சானின் ரிலீவர் நேரத்துக்கு வரவில்லை. மச்சான் மெஷினை விட்டு அசையவில்லை. பிள்ளையின் முகத்தை மறுநாள்தான் பார்த்தார். இதை அவர் பெருமையாகச் சொல்வார். அக்கா அதைப் பெருமையாகக் கேட்டு நான் பார்த்ததில்லை.

மில் ஒரே நாளில் மூடவில்லை. முதலில் ஒரு ஷிப்ட்டை நிறுத்தினார்கள், பிறகு இன்னொன்றை, பிறகு கேட்டில் பூட்டு. தொண்ணூறுகளின் தொடக்கம் அது, கோயம்புத்தூரைச் சுற்றி நிறைய மில்களுக்கு அதே கதி. நான் அப்போது லாரியில் இருந்தேன். ஊருக்கு வந்தபோது சங்கு இல்லை. லைன் வீடுகளில் இருந்தவர்களை யாரும் காலி செய்யச் சொல்லவில்லை, இருந்துகொள்ளுங்கள் என்று சொல்லவும் ஆள் இல்லை. கொஞ்சம் பேர் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குக் கிளம்பினார்கள். ஒவ்வொரு தடவை நான் திரும்பி வரும்போதும் பூட்டிய கதவுகள் கூடியிருந்தன.

மில் போனதோடு தண்ணீரும் போயிற்று. கடைசி லைனுக்குப் பின்னால், மில் சுவருக்கு வெளியே, பாறையை வெட்டி இறக்கிய பெரிய சதுரக் கிணறு ஒன்று உண்டு. அதிலிருந்துதான் மில் மோட்டார் தண்ணீரை மேல்தொட்டிக்கு ஏற்றும். கரண்ட்டைப் பிடுங்கினார்கள், மோட்டாரை விற்றார்கள். ஆள் பார்க்காத கிணறு குப்பைக்குழியாக மாற எத்தனை நாள் ஆகும்? கிழிந்த பாய், பழைய டயர், செத்த கோழி, எல்லாம் உள்ளே. மழையில் வண்டல் சரிந்து அதை மூடியது. பஞ்சாயத்துத் தண்ணீர் லாரி நினைத்தபோது வந்தது. லாரி சத்தம் கேட்டதும் அக்கா அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டுக் குடத்தோடு ஓடுவாள். ஒரு தடவை நெரிசலில் விழுந்து இடுப்பில் அடி. பிறகும் ஓடினாள்.

மச்சான் திருப்பூரில் ஒரு கம்பெனியில் வேலை பேசிவைத்திருந்தார். ஒரு அறையும் பார்த்துவிட்டார். பத்துக்குப் பத்து, அதற்குள்ளேயே அடுப்பு. அக்காவுக்குப் போக மனசில்லை. மச்சான் நியாயமாகத்தான் பேசினார்.

"தண்ணியில்லாத ஊட்டுல என்னத்துக்குக் குடியிருக்கோணும்? இந்தச் செவுத்தையும் பூட்டையும் பாத்துட்டா?"

அக்கா அடுப்பு விறகைத் தள்ளி வைத்தாள்.  அந்த முறை நான் வந்தபோது என் தகரப்பெட்டி அட்டாலியிலிருந்து இறங்கி, துடைத்து, கதவு ஓரத்தில் இருந்தது. பத்துக்குப் பத்தில் மூன்று பேர் படுப்பதே பெரிது. எனக்குப் புரிந்துவிட்டது. பெட்டியைத் திறந்து பார்த்தேன். இரண்டு சட்டை, ஒரு கம்பளி, அப்பாவின் டார்ச் லைட். இதை எங்கே தூக்கிக்கொண்டு போவது என்று யோசித்தேன், ஓர் இடமும் தோன்றவில்லை.

கிணற்றைத் தூர் வாரலாம் என்று முதலில் சொன்னது இட்லிக்கடை அக்கா. மில்லில் ரீலிங் பிரிவில் நூலைச் சிட்டமாகச் சுற்றியவள். மில் மூடியதும் லைன் முனையில் இட்லி வேக வைக்க ஆரம்பித்தாள். லாரிச் சண்டையில் அவளுடைய பித்தளைக் குடம் நசுங்கிய அன்று, வீடு வீடாகப் போய் ஒரே கேள்வியைக் கேட்டாள். பூமிக்குள்ளே தண்ணீர் இருக்கும்போது எதற்கு லாரிக்காரனிடம் பேச்சு வாங்க வேண்டும்? சிலர் சிரித்தார்கள். மில் இடம், கைவைத்தால் கேஸ் வரும் என்றார்கள் சிலர். அவள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு கோயம்புத்தூரில் மில்காரர் பங்களாவுக்கே போனாள். நானும் ஓர் ஆள். வெளியே வெகுநேரம் உட்கார்த்தி வைத்தார்கள், காப்பி கொடுத்தார்கள். கடைசியில் அந்த வீட்டுப் பெரியவர் வந்து, விஷயத்தைக் கேட்டு, "கெணறுதானுங்களே, எடுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். சண்டைக்கு என்று தயாராகப் போயிருந்தவர்கள் நாங்கள். 

மோட்டாருக்கு வழி? மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்கு என்று சேர்த்து வைத்திருந்த பணம் இருந்தது. அந்த வருடம் ஆர்க்கெஸ்ட்ரா வேண்டாம், பூவோடு என்கிற தீச்சட்டி மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று கோயிலில் கூடிப் பேசினார்கள். அம்மனுக்கும் தண்ணி வேணுமல்லோ என்று இட்லிக்கடை அக்கா சொன்னதும் பணம் கிணற்றுக்கு என்று முடிவாயிற்று.

முதல் நாள் வேலையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. வீட்டுக்கு ஒருவர் என்று சொல்லியிருந்தார்கள். விடியும்போதே எல்லோரும் வந்துவிட்டார்கள். கிணற்று மேட்டில் மூங்கில் கட்டி, உருளை மாட்டி, வடக்கயிற்றில் பாதியாக வெட்டிய தார் டிரம்மைத் தொங்கவிட்டார்கள். கீழே இறங்கியவர்கள் சேற்றை அள்ளி டிரம்மில் கொட்ட, மேலே இருந்தவர்கள் இழுத்தார்கள். எல்லாம் நன்றாக நடந்தது. டீ வந்தது. மேலே இருந்தவர்கள் நிழலில் உட்கார்ந்து குடித்தார்கள்.

பிறகு யாரும் எழவில்லை.

சோம்பல் என்று சொல்ல முடியாது. கையில் டீ கிளாஸை வைத்துக்கொண்டு எல்லோரும் எழுவதற்குத் தயாராகத்தான் உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் பேச்சு நின்றது. ஒருவர் மில் பக்கம் திரும்பிப் பார்த்தார். இன்னொருவரும் பார்த்தார். வெயில் ஏறிக்கொண்டே போனது. கீழே சேற்றில் நின்ற இரண்டு பேர் அண்ணாந்து பார்த்து, மேலே ஆள் இருக்கிறதா செத்துப்போச்சா என்று கத்தினார்கள். இட்லிக்கடை அக்காவுக்குத்தான் விஷயம் பிடிபட்டது. கிளாஸைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள்.

"ஏனுங்க, அது ஊதி மூணு வருசமாச்சுங்க. இன்னும் சங்குக்குத்தான் காத்துட்டு இருக்கறீங்களா?"

முதலில் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. பிறகு ஒருவர் சிரித்தார், அதற்குப் பிறகு எல்லோரும். அன்று சாயங்காலம் மச்சான் எங்கிருந்தோ ஒரு தண்டவாளத் துண்டைத் தூக்கி வந்து வேப்பமரத்தில் கட்டித் தொங்கவிட்டார். திருப்பூருக்குப் போகிற ஆள் இதை ஏன் செய்தார் என்று நான் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து இரும்புக் கம்பியால் அதை அடித்தால் எழுந்தார்கள், அடித்தால் உட்கார்ந்தார்கள்.

அடிக்கிற வேலையைப் பழைய மேஸ்திரியிடமே கொடுத்தார்கள். மில் மூடிய பிறகு அந்த மனிதரோடு ஊரில் யாரும் பேசாமல் இருந்தார்கள். கேட்டில் விரல் நீட்டியவர் மேல் யாருக்குத்தான் பிரியம் இருக்கும்? ஆனால் ஆளுக்கு ஆள் கட்டளை போட்டு இரண்டு நாள் வேலை கெட்டதும் அவரைக் கூப்பிட வேண்டியதாயிற்று. அவர் வந்ததும் வராததுமாக வேலையை இரண்டு ஷிப்ட்டாகப் பிரித்தார். இன்னாருக்கு இன்னார் ரிலீவர் என்று வாயாலேயே சொல்லிவிட்டார். யாரும் கேள்வி கேட்கவில்லை. மில் ஆட்களுக்கு அப்படிச் சொன்னால்தான் வேலை ஓடும். பக்கத்துத் தோட்டத்துக் கவுண்டர் ஒருவர் வேடிக்கை பார்க்க வந்து, "சேறு அள்றதுக்குமுங்களா ஷிப்ட்டு?" என்று கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார்.

வேலையில் ஒரே ஒரு இடம் மட்டும் விளையாட்டில்லை. கயிற்றை இழுக்கிற வரிசையில் முதலில் நிற்கிறவர் கிணற்று ஓரத்தில் நின்று கீழே பார்த்துக்கொண்டே இழுக்க வேண்டும். அவர் சொல்லும் சொல்லுக்குத்தான் பின்னால் நிற்கிறவர்கள் இழுப்பதும் விடுவதும். அவர் கவனம் தப்பினால் சேற்று டிரம் கீழே நிற்கிறவர்கள் தலையில்தான். அதனால் அந்த இடத்துக்கு மேஸ்திரி கெட்டியான விதி போட்டார். ரிலீவர் வந்து கயிற்றில் கைவைக்காமல் முன்னால் நிற்கிறவர் கையை எடுக்கக் கூடாது.

நான் பதிலி. யாருக்காவது முடியவில்லை என்றால் அவர்கள் வீட்டுக்காக நான் நிற்பேன். மில்லில் பார்த்த அதே வேலை, ஒரே வித்தியாசம், இப்போது என்னைத் தினமும் எடுத்தார்கள். சில நாள் காலையில் ஒரு வீட்டுக்கு, மத்தியானம் இன்னொரு வீட்டுக்கு என்று நின்றேன். உடம்பெல்லாம் நாறும், உள்ளங்கைத் தோல் உரிந்துபோனது. என்றாலும் கால் கிளம்பவில்லை. அது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

சேற்றிலிருந்து வராத பொருள் இல்லை. நூல் சுற்றும் மர பாபின்கள் கூடை கூடையாக வந்தன. மில்லில் ஒடிந்ததை எல்லாம் யாரோ கிணற்றில் கொட்டியிருக்கிறார்கள். பெண்கள் அவற்றைக் காயவைத்து வெந்நீர் அடுப்புக்கு எடுத்துப் போனார்கள். கெட்டியாக இறுகிப்போன கழிவுப்பஞ்சு வந்தது. ஒரு சைக்கிள் வந்தது. அது தன்னுடையது என்று இரண்டு பேர் சண்டை போட்டார்கள். மேஸ்திரி இரண்டு பேரையும் பார்த்து, ஏண்டா, திருட்டுக் கொடுத்தவன் ஒருத்தன், கொண்டுவந்து போட்டவன் ஒருத்தன், ரெண்டு பேருமே உண்மையைத்தான் சொல்றீங்க போலிருக்கு என்றார். அதோடு இரண்டு பேரும் விட்டுவிட்டார்கள்.

ஆனால் தண்ணீர் வரவில்லை. நாள் போகப் போக ஆள் குறைந்தது. இரண்டு குடும்பம் வேலையின் நடுவிலேயே திருப்பூர் போயிற்று. அவர்கள் வந்து மாற்ற வேண்டியவர்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்து நின்றார்கள், நான் ஓடிப் போய் மாற்றிவிட்டேன். மச்சானும் நாள் குறித்துவிட்டார். திங்கட்கிழமை டெம்போ வரும் என்று அக்காவிடம் சொன்னார். அக்கா பாத்திரங்களைச் சாக்கில் கட்டினாள். ஞாயிறு இரவு என் பெட்டி மேல் ஒரு பழைய போர்வையை மடித்து வைத்தாள், நீயே வைத்துக்கொள் என்பதுபோல.

திங்கட்கிழமை காலை அக்காவுக்கு முதல் ஷிப்ட்டு, அதுவும் கயிற்றில் முதல் இடம். போகிற அன்றுகூடவா என்று மச்சான் கேட்டதற்கு, டெம்போ வருவதற்குள் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். அவளுடைய ரிலீவர் இட்லிக்கடை அக்கா.

டெம்போ வந்து லைன் முனையில் நின்று ஹாரன் அடித்தது. இரண்டாம் தடவை அடித்தபோது மச்சான் கிணற்று மேட்டுக்கு வந்தார். நான் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன், எனக்கு அப்போது ஓய்வு.

"அம்மணி, டெம்போ வந்து நிக்குது."

அக்கா கிணற்றுக்குள் பார்த்த கண்ணை எடுக்கவில்லை. "வாரேனுங்க. ரிலீவர் வந்தரட்டும்."

"இதென்ன மில்லா?"

"கீழ ரெண்டு பேர் நிக்கறாங்க. நீங்களே சொல்லுங்க, உட்டுப்போட்டு வரட்டுங்களா?"

மச்சான் எட்டிப் பார்த்தார். கீழே இரண்டு தலைகள், முழங்கால் அளவு சேறு. திரும்பி இட்லிக்கடையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். வாரேன், வாரேன், கல்லைக் கழுவிப்போட்டு வாரேன் என்று பதில் வந்தது. நான் இருந்த இடத்திலிருந்து அவள் தெரிந்தாள். கழுவிய தோசைக்கல்லையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள். மச்சான் பக்கத்தில் நின்ற இன்னொரு பெண்ணிடம் கேட்டார். எனக்கு ரெண்டாவது ஷிப்ட்டுங்கண்ணா, இப்பக் கை வெச்சாத் தப்புங்க என்று அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். வேறு ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் எனக்கு விளங்கியது, இதை முந்தின நாளே பேசி வைத்திருக்கிறார்கள். அக்காவுக்கு அது தெரியுமா தெரியாதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டால் சிரிக்கிறாள்.

மச்சான் மேஸ்திரியிடம் போனார். மேஸ்திரி தண்டவாளத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார், திரும்பவே இல்லை.

"பொண்ணு பொறந்தன்னைக்கே மெஷினை உட்டு நகராத ஆளு நீ. உனக்கு நான் ரூல் சொல்லோணுமாப்பா?"

மச்சானுக்குக் காது சிவந்தது. நேராக வந்து அக்காவுக்கு முன்னால் கயிற்றில் கைவைத்தார். நீ போய்ச் சாமானை ஏற்று, நான் பிடிக்கிறேன் என்றார். விதிப்படி அது சரிதான். அக்கா கையை எடுத்தாள், சேலையில் துடைத்துக்கொண்டாள், வீட்டைப் பார்த்து நடந்தாள். வாசற்படியில் போய் உட்கார்ந்தாள். எதையும் ஏற்றவில்லை.

டிரம் மேலே வந்தது, கீழே போனது, மேலே வந்தது. மச்சான் நன்றாகத்தான் இழுத்தார். எத்தனையோ வருடம் நின்றே வேலை பார்த்த உடம்பு. நேரம் ஆக ஆகத்தான் அவருக்குத் தன் நிலைமை தெரிந்தது. சுற்றிலும் பார்த்தார். எல்லோரும் தங்கள் கையில் இருந்ததை மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அவர் கண் என் மேல் வந்து நின்றது.

"மாப்ளே, நீ வந்து புடி."

அந்த ஊரில் யார் கூப்பிட்டாலும் போய் நிற்கிற ஆள் நான் ஒருவன்தான். அதை அவரும் அறிவார். பழக்கத்தில் எழுந்துவிட்டேன். கூப்பிட்டால் எழுகிறவன்தானே பதிலி. இரண்டு எட்டு வைத்திருப்பேன். வாசற்படியில் அக்கா உட்கார்ந்திருந்தது தெரிந்தது. அவளுக்குப் பின்னால் திறந்திருந்த கதவின் ஓரத்தில் என் பெட்டி தெரிந்தது. நான் போய்க் கயிற்றைப் பிடித்தால் சாமான் ஏறிவிடும், கதவு பூட்டிவிடும். கேட்டில் எத்தனையோ காலை கேட்டுக் கேட்டுப் பழகிய வாக்கியம் வாயில் வந்துவிட்டது.

"இன்னைக்குப் பதிலி எடுக்கலீங்க, மச்சான்."

முதலில் சிரித்தது மேஸ்திரி. தன் வாக்கியம் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. பிறகு கயிற்று வரிசை முழுவதும் சிரித்தது, கிணற்றுக்குள்ளிருந்தும் சிரிப்புச் சத்தம் வந்தது. மச்சான் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். பிறகு கிணற்றுக்குள் பார்த்து, "இழு" என்றார். வரிசை இழுத்தது.

டெம்போக்காரர் அவினாசி ஆள். ஹாரன் அடித்துச் சலித்துக் கிணற்று மேட்டுக்கே வந்துவிட்டார். ஏனுங்க, ஏத்தறதா வேண்டாங்களா என்று கேட்டார். இட்லிக்கடை அக்கா அவரைக் கூப்பிட்டு உட்கார்த்தி இட்லி வைத்தாள். தின்றுவிட்டு வந்து வேடிக்கையாகக் கயிற்றின் கடைசியில் இரண்டு இழுப்பு இழுத்தார். பிறகு சந்தேகம் வந்து, "எனக்கு யாருங்க ரிலீவர்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கையை எடுத்துக்கொண்டு வண்டிக்கு ஓடினார். அந்த டெம்போ காலியாகத்தான் திரும்பியது.

மச்சான் அன்று சாயங்காலம் வரை கயிற்றை விடவில்லை. வேலை முடிந்து தண்டவாளம் அடித்த பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து, அக்கா கட்டி வைத்த சாக்கிலிருந்து ஒரு தட்டை உருவி எடுத்துச் சாப்பிட உட்கார்ந்தார். இந்தக் குழியை முடித்துவிட்டுப் போகலாம் என்று மட்டும் சொன்னார். மறுநாள் தண்டவாளம் அடிப்பதற்கு முன்பே கிணற்றில் இருந்தார். 

தண்ணீர் அன்றைக்கே வந்தது என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். அப்படி வரவில்லை. இன்னும் பல வாரம் வெறும் சேறுதான். கடைசியில் பாறை தெரிந்தபோது, மேற்குப் பக்கச் சுவரில் ஓர் இடம் காயாமல் ஈரமாகவே இருந்தது. மச்சான் அங்கே கடப்பாரை போட்டார். விரல் தடிமனுக்கு ஓர் ஊற்று கசிந்தது. யாரும் கூத்தாடவில்லை. கிணற்று ஓரத்தில் எல்லோரும் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா எனக்குப் பக்கத்தில் இருந்தாள். அவள் தோள் மெல்லத் தளர்ந்து இறங்கியதை உணர்ந்தேன். இத்தனை நாள் அதை அவள் தூக்கிப் பிடித்திருந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மறுநாள் விடியும்போது முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. அன்று அக்கா சாக்குகளை அவிழ்த்தாள். என்னைக் கூப்பிட்டு, "கண்ணு, அந்தப் பொட்டிய மேல ஏத்தீரு, காலுல இடிக்குது" என்றாள். அட்டாலியில் ஏற்றினேன்.

மோட்டார் வந்தது. மேல்தொட்டியின் விரிசலைச் சிமெண்ட் பூசி அடைத்தோம். மதுக்கரையில் மூட்டை தூக்கியவன் என்பதால் கலவை போட என்னை விட்டார்கள், எனக்குச் சிமெண்ட் தூக்கத்தான் தெரியும் என்று எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. பூசியது இரண்டு தடவை ஒழுகியது. மூன்றாம் தடவை கொத்தனார் ஒருவர் பூசினார். ஒவ்வொரு லைன் முனையிலும் ஒரு குழாய் வைத்தார்கள். தண்ணீர் கொஞ்சம் உப்புதான், பருப்பு வேகாது. குடிக்கிற தண்ணீருக்கு இன்னும் லாரிதான், ஆனால் அதற்கு யாரும் ஓடவில்லை, ஒரு குடத்தோடு மெதுவாக நடந்து போனார்கள். சித்திரையில் கிணறு பாதியாக இறங்கும், அப்போது குழாயில் நாளுக்கு ஒரு வேளைதான் தண்ணீர்.

அதற்குப் பிறகு ஒன்றைத் தொட்டு ஒன்று நடந்தது. தண்ணீர் இருக்கிற இடத்துக்கு ஆள் வரத்தான் செய்யும். பங்களாவுக்கு மறுபடி போய்க் கேட்டு, சுவருக்கு வெளியே இருந்த பழைய கேண்டீன் கட்டடத்தைத் திறந்தார்கள். உள்ளே வௌவால். கழுவி வெள்ளையடித்து, திருப்பூரிலிருந்து துணி வாங்கி வந்து தைத்துக் கொடுக்க மெஷின்கள் போட்டார்கள். அதை நடத்தியதும் ரீலிங் பெண்கள்தான். அங்கேயும் ஷிப்ட்டு, அங்கேயும் ரிலீவர். கம்பெனி வேன் காலையில் வந்து திருப்பூருக்கு ஆள் ஏற்றிப் போய்ச் சாயங்காலம் கொண்டுவந்து விட்டது. வீட்டைப் பூட்டிப் போனவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள். எல்லோரும் வரவில்லை. இரண்டாவது லைனில் நாலைந்து கதவு இன்றும் பூட்டித்தான் இருக்கிறது. அடுத்த நோம்பிக்கு ஆர்க்கெஸ்ட்ரா வைத்தார்கள்.

எல்லாம் ஓடத் தொடங்கியதும் என் கால் அரித்தது. காங்கேயத்துக்குப் போனேன். அக்கா தடுக்கவில்லை. பெட்டி இங்கேயே இருக்கட்டும் என்று நானே சொன்னேன், பின்ன எங்க இருக்குமாம் என்றாள்.

சில மாதம் கழித்து ஒரு நாள் மில் ஸ்டாப்பில் இறங்கி நடந்து வந்தேன். மோட்டார் ரூம் வாசலில் மச்சான் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். கம்பெனி வேலைக்கு விடாமல் ஊர் அவரை மோட்டாருக்கு வைத்துக்கொண்டிருந்தது. கிணற்றில் தண்ணீர் இறங்கினால் மோட்டாரை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் புகைந்துவிடும், அதனால் ஓடும்போது ஆள் இருந்தே தீர வேண்டும். எப்ப வந்தே, எப்படி இருக்கே என்று ஒன்றும் கேட்கவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

"சித்தெ பாத்துக்க மாப்ளே. ஒரு டீ குடிச்சுப்போட்டு வாரேன்."

பையை இறக்கி வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். மோட்டார் ஒரே சீராக ஓடியது. கேண்டீன் பக்கமிருந்து மெஷின் சத்தம் வந்தது. டீ குடிக்கிற நேரம் போயிற்று. இன்னொரு டீ குடிக்கிற நேரமும் போயிற்று. இட்லிக்கடைப் பெஞ்சில் அவர் கால் மேல் கால் போட்டு யாரிடமோ நாயம் பேசிக்கொண்டிருந்தது தெரிந்தது. ஒரு தடவை இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார், கையை ஆட்டினார், மறுபடி பேச்சில் இறங்கினார்.

மத்தியானத்துக்கு அக்கா தூக்குப்போசியோடு அவருக்குச் சோறு கொண்டு வந்தாள். ஸ்டூலில் என்னைப் பார்த்ததும் நின்றாள்.

"எப்படா வந்தே? அவரெங்க?"

"டீ குடிக்கப் போயிருக்கார்."

இட்லிக்கடைப் பக்கம் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு போசியைத் திறந்தாள்.

"சரி, அப்ப நீயே சாப்புடு. அவர் வந்து உன்னை எப்ப மாத்தி உடறாரோ."

மடியில் போசியை வைத்துக்கொண்டு, ஒரு கண்ணைக் கிணற்றுத் தண்ணீரில் வைத்துக்கொண்டு, சாப்பிட்டேன்.